மறதியில் தொடங்காத மறதிநோய்

பேரப்பிள்ளைகளின் பெயர் தெரியும், இன்று என்ன கிழமை என்று தெரியும், நாற்பது வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்தவர்களின் பெயரைக்கூட வரிசையாகச் சொல்வார். ஆனால் சட்டை போட்டுக்கொள்ள இருபது நிமிஷம் ஆகிறது. ஒரு கையை நுழைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நிற்கிறார். கரண்ட் பில்லைக் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பணம் இருக்கிறது, கட்ட வேண்டும் என்பதும் தெரிகிறது, எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. வீட்டில் கேட்டால், "மறதியெல்லாம் ஒன்றும் இல்லை, வயசாகிவிட்டது, கொஞ்சம் மெதுவாகிவிட்டார், அவ்வளவுதான்" என்பார்கள்.

அந்த "மறதியெல்லாம் இல்லை" என்ற நினைப்புதான் பல வீடுகளில் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வைத்துவிடுகிறது.

டிமென்ஷியாவைத் தமிழில் மறதிநோய் என்று எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயே இல்லை. யோசிப்பது, திட்டமிடுவது, பேசுவது, நினைவு வைத்துக்கொள்வது, வழி கண்டுபிடிப்பது இதெல்லாம் குறைந்துகொண்டே போய், ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்கு வரும்போது அந்த நிலைக்கு வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. அதற்குக் காரணமான நோய்கள் பல. முதலிடம் அல்சைமர் நோய்க்கு, அதற்கு அடுத்து வருவது மூளையின் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் வாஸ்குலர் டிமென்ஷியா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க 5.7 கோடிப் பேர் ஏதோ ஒரு வகை டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். அல்சைமரில் பெரும்பாலும் நினைவுதான் முதலில் அடிவாங்கும். வாஸ்குலரில் பல பேருக்கு வேகமும் ஒழுங்கும்தான் முதலில் போகும், நினைவு பிறகுதான். மறதியை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் இதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

மூளை நம் உடல் எடையில் வெறும் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. இத்தனை செலவு செய்கிற உறுப்புக்குச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ரத்தம் நின்றால் சில நொடிகளில் மயக்கம், சில நிமிஷங்களில் செல்கள் சாக ஆரம்பித்துவிடும். அடிப்பகுதியில் இருக்கும் பெரிய குழாய்களிலிருந்து மெல்லிய கிளைக் குழாய்கள் நேராகப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. மயிரிழை போன்ற அந்தக் குழாய்களுக்கு இரண்டு பிரச்சினை. பெரிய குழாயிலிருந்து நேரடியாகக் கிளம்புவதால் ரத்த அழுத்தத்தின் அடியை முழுசாக வாங்குகின்றன. அப்புறம், ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழாய் உதவிக்கு வராது, மாற்றுப் பாதை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, அந்த மாதிரிதான் மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பொருளும். ரத்த ஓட்டத்தின் கடைமடை அது.

வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளின் கற்றை, வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்காக பி.பி. கூடுதலாகவே இருந்தால் இந்தச் சின்னக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது. சில இடங்களில் குழாய் முழுசாகவே அடைபட்டு 3 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை அளவுள்ள சிறு பள்ளங்கள் விழுகின்றன, அவற்றுக்கு லக்கூன் என்று பெயர். திட்டமிடும் வேலையைச் செய்யும் முன்மூளை நன்றாகத்தான் இருக்கும், நினைவைச் சேமிக்கும் பகுதியும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும், இடையில் இருக்கும் ஒயர்தான் நைந்துபோயிருக்கும். அதனால்தான் விஷயம் தெரிந்த மனிதர் அதை எடுத்துச் செயலாக்க முடியாமல் திணறுகிறார்.

எல்லா வாஸ்குலர் டிமென்ஷியாவும் இப்படிச் சத்தமில்லாமல் வருவதில்லை. ஒரு பெரிய பக்கவாதத்துக்குப் பிறகு, கை கால் தேறிவந்தாலும் யோசனை தேறாமல் போவது ஒரு வகை. அடுத்தடுத்துப் பல சிறு பக்கவாதங்கள் வந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழப்பது இன்னொன்று. அபூர்வமாக, அடைப்பு சின்னதுதான் என்றாலும் விழுந்த இடம் தப்பான இடமாக இருந்துவிடும். மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸில் ஒரே ஒரு சிறு அடைப்பு ஒரு ஆளை ஒரே நாளில் மந்தமாக்கிவிட முடியும். வயதானவர்களின் மூளைக் குழாய்ச் சுவர்களில் அமைலாய்டு என்ற புரதம் படிந்து, குழாய் பலவீனமாகி ரத்தம் கசிவதும் உண்டு. பரம்பரையாக வரும் கடாசில் என்ற நோயும் இருக்கிறது, அது நாட்ச்3 என்ற மரபணுவில் வரும் பிழை, 1996-ல் கண்டுபிடித்தார்கள். நாற்பது ஐம்பது வயதிலேயே பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் பலருக்கு இதே கதை என்றால் டாக்டர்கள் அதையும் யோசிப்பார்கள். ரொம்ப அபூர்வம்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1970-கள் வரைக்கும் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறினால் "ரத்தக் குழாய் தடித்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குழாய் சுருங்கி மூளை மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது என்பது நம்பிக்கை. 1974-ல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும், அப்படி இல்லை, ரத்தக் குழாயால் டிமென்ஷியா வருகிறதென்றால் அது பல சிறு அடைப்புகளால்தான் வருகிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு ஊசல் அந்தப் பக்கம் போய், எல்லாமே அல்சைமர் என்று ஆனது. 1997-ல் அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளை வைத்து நடந்த நீண்ட ஆய்வின் ஒரு முடிவு வெளியானது. இறந்தபின் மூளையைப் பரிசோதித்ததில், அல்சைமர் மாற்றங்கள் இருந்தவர்களில், ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு லக்கூன்கள் கூடவே இருந்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது டிமென்ஷியா இருந்திருக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. அதாவது, இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை, கூட்டாளிகள். வயது ஏற ஏற இரண்டும் கலந்த கலப்பு வகைதான் சகஜம். அதனால் "இது அல்சைமரா, வாஸ்குலரா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்" என்று டாக்டரைக் கேட்டால் அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

அறிகுறிக்கு வருவோம். புத்தகங்களில் "படிப்படியாக இறங்கும்" என்று இருக்கும். பல மாதம் ஒரே நிலையில் இருந்து, திடீரென்று ஒரு நாள் ஒரு படி கீழே, மறுபடி கொஞ்ச நாள் சமதளம். தொடர் பக்கவாதங்களால் வருகிற வகைக்கு இது சரி. சின்னக் குழாய் வகையில் படிக்கட்டெல்லாம் தெரியாது, சரிவுப் பாதை மாதிரி மெல்ல இறங்கும், அதனால் எப்போது ஆரம்பித்தது என்றே யாராலும் சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போனபிறகு வரும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை என்பது முடியாது: நடந்துகொண்டே பேசச் சொன்னால் பேசுவதற்காக நின்றுவிடுவார். பல வருஷம் தானே சமைத்தவருக்கு எல்லாச் சாமானும் எங்கே இருக்கிறது என்று தெரியும், எதை முதலில் போடுவது, எதை அடுப்பில் வைத்துவிட்டு எதை நறுக்குவது என்ற வரிசைதான் குழம்பும்.

நினைவிலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். "நேற்று யார் வந்தார்கள்?" என்று கேட்டால் விழிப்பார். "தங்கச்சி வந்தாளா?" என்று ஒரு நூல் எடுத்துக் கொடுத்தால், "ஆமாம், பையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்" என்று மீதியைத் தானே சொல்லிவிடுவார். சரக்கு உள்ளே இருக்கிறது, எடுத்துத் தர ஆள் இல்லை. அல்சைமரில் பெரும்பாலும் நூல் கொடுத்தாலும் வராது, ஏனென்றால் உள்ளே பதியவே இல்லை. இது நூற்றுக்கு நூறு விதி இல்லை, ஆனால் டாக்டர்களும் இதைக் கவனிக்கிறார்கள்.

அப்புறம் நடை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் நடையையும் யோசனையையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. கால்களை அகட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக, பாதத்தைத் தரையிலிருந்து சரியாகத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார், திரும்பும்போது நான்கைந்து அடி எடுத்து வைத்துத்தான் திரும்ப முடியும். முட்டி வலி என்று எலும்பு டாக்டரிடம் போவார்கள். சிறுநீர் அவசரம் கூடும், கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விடும், அதற்கு யூராலஜி டாக்டர். எதிலும் ஆர்வமில்லாமல் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அதற்குச் சோம்பேறி என்ற பட்டம். சின்ன விஷயத்துக்கு அடக்க முடியாமல் அழுவார், அல்லது சிரிப்பார், அதற்கு "வயசானா இப்படித்தான்". எல்லாமே மூளையின் அந்த ஆழத்து ஒயரிங்கிலிருந்து வருகிற ஒரே கதையின் நான்கு துண்டுகளாக இருக்கலாம். நான்கையும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் சொல்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இதே மூன்று கூட்டு, அதாவது நடை, சிறுநீர், மந்தம், மூளையில் நீர் தேங்கும் இன்னொரு நோயிலும் வரும். அந்த நீரை வடிக்க ஒரு குழாய் வைத்தால் பலருக்கு நடை தேறுகிறது. ஸ்கேன் எடுக்காமல் வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. முக்கியமான சோதனை, கூட இருப்பவர் சொல்லும் விவரம். முன்பு தானே செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை, எந்த மாதத்திலிருந்து, விழுந்தாரா, ஒரு நாள் திடீரென்று மாறினாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர் எதிரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் தாளை நீட்டிவிடலாம். பிறகு டாக்டர் சில கேள்விகள் கேட்பார், படம் வரையச் சொல்வார். மோக்கா என்று 30 மார்க்குக்கு ஒரு சோதனை, 2005-ல் வந்தது. அதில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களுக்கும் இடம் பிரித்து, "பத்து" என்று கேட்டவுடன் முள்ளைப் பத்தாம் எண்ணில் வைத்துவிடாமல் இரண்டில் வைக்க வேண்டும், அதற்குத் திட்டமிடும் மூளை வேண்டும். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு நிற்பதையும், முள் பத்தை நோக்கிப் போவதையும் பார்த்தால் மார்க் போடாமலே ஏதோ சரியில்லை என்று புரிந்துவிடும். அதற்கு முன் 1975-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மினி மென்டல் சோதனை பெரும்பாலும் நினைவையும் மொழியையும்தான் பார்க்கிறது, வாஸ்குலர்காரர் அதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையோடு திணறுவார்.

ரத்தத்தில் பி12, தைராய்டு, சர்க்கரை, உப்புகள், சிறுநீரகம் பார்ப்பார்கள், ஏனென்றால் இவற்றில் கோளாறு இருந்தாலும் புத்தி மந்தமாகும், அவற்றைச் சரிசெய்ய முடியும். மனச்சோர்வும் டிமென்ஷியா போல வேஷம் போடும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்று இ.சி.ஜி., தேவைப்பட்டால் கழுத்துக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன். அப்புறம் எம்.ஆர்.ஐ. அதில்தான் பழைய அடைப்புகள், கசிவுகள், வெண்பொருள் மாற்றங்கள் எல்லாம் தெரியும். வெண்பொருள் மாற்றத்தை 0-லிருந்து 3 வரை ஃபசேகாஸ் என்ற அளவுகோலில் குறிப்பார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அறுபது வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால் நல்ல சுறுசுறுப்பாக இருப்பவர்களிடமும் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். ஃபசேகாஸ் 1 என்று எழுதியிருந்தால் அது டிமென்ஷியா இல்லை, பி.பி.யை ஒழுங்காகப் பாருங்கள் என்பதற்கான நினைவூட்டல். படமும் ஆளும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசி, தூங்கி விழுந்துகொண்டிருந்தால் அது டிமென்ஷியா முற்றியது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சளி, நீர் வற்றுதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, மலச்சிக்கல் என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம், உடனே பார்க்க வேண்டியது அது.

மருந்துக்கு வந்தால், மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. செத்துப்போன மூளைத் திசுவைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. வாஸ்குலர் டிமென்ஷியாவுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மருந்து எதுவும் கிடையாது. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில், மெமன்டின் போன்றவற்றால் இதில் கிடைக்கும் பலன் சிறிதுதான். டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில், கூடவே அல்சைமர் போன்ற வேறொன்றும் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் மட்டுமே இவற்றை யோசியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. மூளைக்கு டானிக், நினைவாற்றல் மாத்திரை என்று விற்பதையெல்லாம் நான் வாங்கமாட்டேன்.

ஆனால் அல்சைமரில் இல்லாத ஒரு பிடி இதில் இருக்கிறது: கெடுவது குழாய், குழாயைக் கெடுப்பவற்றில் பலவற்றை நம்மால் கட்டுப்படுத்த முடியும். வைத்தியத்தின் இலக்கு, போனதை மீட்பது இல்லை, அடுத்த அடைப்பைத் தடுப்பது. எல்லாவற்றிலும் முதலாவது ரத்த அழுத்தம். 2019-ல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு பி.பி.யின் மேல் எண்ணை 120-க்குக் கீழும், மற்றதற்கு 140-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 120 குழுவில் டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்தது போலத் தெரிந்தாலும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. அதில் சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் 120 என்பதை எல்லாருக்கும் பொதுவான கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுந்து நின்றால் தலை சுற்றுகிற எண்பது வயதுக்காரருக்கு அழுத்தத்தை அடித்து இறக்கினால் கீழே விழுவார். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை என்று அளந்து பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

இதயம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பில் இருந்தால் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதற்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. அடைப்பால் பக்கவாதம் வந்தவருக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கூடவே கொலஸ்ட்ரால் மாத்திரை. இதைப் படித்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று தானாக ஆஸ்பிரின் ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 2018-ல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், இதய நோயோ பக்கவாதமோ இல்லாத 19,114 முதியவர்களிடம் பார்த்ததில் ஆஸ்பிரின் டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை, ரத்தப்போக்கைத்தான் கூட்டியது. மூளையில் ஏற்கெனவே கசிவு இருப்பவருக்கு இன்னும் மோசம். சர்க்கரையும் அப்படித்தான், கட்டுக்குள் வேண்டும், ஆனால் அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தால் அதுவே மூளைக்குக் கேடு. புகையை நிறுத்த வேண்டும், தினமும் நடக்க வேண்டும், காது கேட்கவில்லை என்றால் கருவி வாங்கிக் கொடுக்க வேண்டும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தால் காட்ட வேண்டும். இவை எல்லாரும் சொல்வதுதான், சொல்வதால் பொய்யாகிவிடாது.

மாத்திரை டப்பாவையும் ஒரு முறை டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். சில பழைய அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அவசரத்துக்கான சில மாத்திரை, தூக்க மாத்திரை இவை மந்தத்தைக் கூட்டும். இரவில் கத்துகிறார், அடிக்க வருகிறார் என்று மனநோய் மருந்துகளைக் கேட்டு வாங்கும்முன் யோசிக்க வேண்டும். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அவை மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை போட்டார்கள். வலியா, பசியா, மலச்சிக்கலா, பயமா என்று முதலில் பார்த்து, வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு.

வீட்டில் செய்ய வேண்டியதில் பாதி, காத்திருப்பதுதான். ஒரு கேள்வி கேளுங்கள், மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் இரண்டாவது கேள்வியைப் போடாதீர்கள், போட்டால் முதல் கேள்விக்கான பதில் பாதி வழியில் அறுந்துவிடும். சட்டையை விரித்து, போடும் வரிசையில் எடுத்து வைத்து, "இந்தக் கையை விடுங்கள்" என்று ஒரு படி மட்டும் சொல்லுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கேட்காமலே கழிவறைக்கு அழைத்துப் போனால் பாதிச் சண்டை குறையும். பணம், சொத்து, கையெழுத்து சம்பந்தப்பட்டதை அவருக்கு விவரம் புரிகிற காலத்திலேயே அவர் விருப்பப்படி எழுதி வைத்துவிட வேண்டும், இதைத் தள்ளிப்போட்டவர்கள் பிறகு படும் பாடு பெரிது. வண்டி ஓட்டுவதை நிறுத்துவதும் அப்படியே, கசப்பான பேச்சுதான், பேசித்தான் ஆக வேண்டும். சில நாள் நன்றாக இருப்பார், மறுநாள் ஒன்றுமே முடியாது. "நேற்று செய்தாரே, இன்று வேண்டுமென்றே செய்யமாட்டேன் என்கிறார்" என்று தோன்றும். வேண்டுமென்று இல்லை, இந்த நோயின் சுபாவமே அது.

ஒருமுறை இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது புதிய பக்கவாதத்தின் அடையாளம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குளறுகிறதா. பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், சிலருக்குப் பெரிய அடைப்பைக் குழாய் வழியாக எடுக்க 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு இருக்கிறது. பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் அடுத்தது பக்கத்தில் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்வி "எப்போது ஆரம்பித்தது?" என்பதில்லை, "கடைசியாக எப்போது நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?" என்பது. அந்த மணியைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.